வெள்ளம் வராத ஆறு

அன்புள்ள மகளுக்கு,

இந்த வீட்டின் வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவு, சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பிறகு, காலைப் பலகாரத்துக்கும் செய்தித்தாளுக்கும் இடைப்பட்ட வேளையில் எடுக்கப்பட்டது. நம் வாசல் கேட்டுக்கு இந்த ஆண்டு பெயிண்ட் அடிப்பதில்லை. உன் அம்மா எதிர்த்து வாக்களித்தாள். வாக்குகள் சமமாகப் பிரிந்ததால், தலைமை வகித்தவன் என்ற முறையில் எனக்குரிய இரண்டாவது வாக்கைப் பயன்படுத்தித் தீர்மானத்தை நிறைவேற்றினேன். தாம்பரத்தில் இதுவரை யாரும் இதுபற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. செய்தி மெதுவாகத்தான் பரவும்.

உன் அம்மாவின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த மாதம் நீ ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு வந்து, ஒரு வாரம் எங்களோடு இருந்துவிட்டு, கோயம்புத்தூருக்கு லெக்சரராகப் போகப்போகிறாய். நம் உறவில் பொறியியல் படித்த முதல் பெண் நீ. அதைச் சொல்லிக் கொடுக்கப்போகும் முதல் பெண்ணும் நீ. வழியனுப்ப எல்லோரும் வருவார்கள். "ஏங்க, பொண்ணு லெக்சரரா போறா. வர்றவங்க இந்தக் கேட்டைப் பார்த்துட்டு என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். "கேட்டுன்னு நினைப்பாங்க" என்றேன். அதற்குப் பிறகு நடந்த விவாதத்தை இங்கே பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் நான் பிடிவாதம் பிடித்ததற்கு உன் கடிதமும் ஒரு காரணம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே பெரிய இடத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது என்றும், அதற்குள் சோதனைக்கூடத்தைப் 'பார்க்கிற மாதிரி' ஆக்கி வைக்கும் பொறுப்பு புதிதாக வரும் உனக்குத்தான் என்றும் உன் துறைத் தலைவர் எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தாய். அதில் உனக்கு உற்சாகம் தெரிந்தது. அந்த உற்சாகத்தைக் கெடுப்பது என் நோக்கமல்ல. ஆனால் நம் கொல்லையில் ஒரு கோடைகாலம் அடையாறு ஓடியதே, அது உனக்கு நினைவிருக்கும். அது ஏன் ஓடியது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ சின்னப் பெண். 'எங்க வீடு ஆத்தங்கரையில இருக்கு' என்று வகுப்பில் சொல்லிக்கொள்வதற்கு உனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் வேலை பார்த்த கல்லூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. உயரமான கூரை, தடித்த சுவர், நடந்தால் எதிரொலிக்கிற வராந்தா. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போதே பாதிப் பெட்டி மாணவர்கள். ரயில் நகரத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய கணக்குகளில் பாதியை நான் போட்டுக்கொடுத்திருப்பேன். மீதியை வகுப்பில் நான் போடும்போது அவர்கள் தூங்குவார்கள். கல்லூரியின் ஆண்டறிக்கையில் 'சாதனைகள்' என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் பக்கத்துத் துறைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சோதனை இயந்திரம் வந்தது. வரவழைக்க உத்தரவானது ஓர் ஆண்டின் சாதனை. மரப்பெட்டியில் வந்து இறங்கியது அடுத்த ஆண்டின் சாதனை. பெட்டியைப் பிரிக்க ஆள் வரப்போவது அதற்கடுத்த ஆண்டின் சாதனை. பிரித்துப் பார்த்ததில் பாதி பாகங்கள் வேறு ஊருக்குப் போயிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தால் சாதனை எதுவும் நிகழவில்லை.

எங்கள் நீரியல் துறையின் தலைவரை எல்லோரும் புரொபசர் என்றுதான் சொல்வோம். அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதே. மாணவனுக்கு ஸ்காலர்ஷிப் நிற்கப்போகிறது என்றால் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, அது திரும்ப வரும்வரை எழுந்திருக்காத மனிதர். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன் தணிகாசலம். அவனை எனக்குக் கீழே விட்டார். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் நெசவாளர் வீட்டுப் பையன். படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாம் உத்தியோகத்துக்கு ஓடினார்கள். இவன் மட்டும் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தான். அடையாறு நிறைந்து வந்தால் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருமா, வராதா?

அந்தக் கேள்வி அவனுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்பவர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் கீழே குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழிதான். தெருவில் தண்ணீர் வந்தால் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான். மண் சுவர் சரியும், மரம் ஊறிப்போகும், தறியில் ஏற்றிய பாவு நூல் கெடும். அவனுடைய அப்பா கன்னியப்பன் வீட்டுக்குள் இன்னொரு குழி வெட்டி இரண்டாவது தறி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இளையவன் மோகனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தறி இருக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். காலி இடம் இருந்தது ஆற்றுப் பக்கத்து அறையில் மட்டும். "நீ இன்னாமோ ஆத்தப் பத்தித்தான படிக்கற. குழிக்குள்ள தண்ணி வருமா வராதா, அத மட்டும் சொல்லு" என்று மகனிடம் கேட்டுவைத்திருந்தார். எத்தனையோ ஆராய்ச்சித் தலைப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான தலைப்பை வேறு யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை.

கல்லூரிக் கொட்டகையில், ஒரு பஸ் நீளத்துக்கு, அனகாபுத்தூர் வளைவை சிமெண்டில் கட்டினான். கட்டுவது சுலபம், அடியைச் சரியாக அமைப்பதுதான் கஷ்டம். ஆற்றின் அடி எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் தயங்கும். தயங்கினால் மேலே ஏறும். அடி வழவழப்பாக இருந்தால் வந்த வேகத்தில் ஓடிப்போய்விடும். ஆகவே மாதிரி ஆற்றின் அடியும் நிஜ ஆற்றின் அளவுக்குத் தண்ணீரைத் தயங்க வைக்க வேண்டும். தணிகாசலம் பொடிக்கல்லும் பருமணலும் பதித்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, பெயர்த்து, மறுபடி பதித்தான். பழைய வெள்ளத்தின் தடம் அவர்கள் ஊர்க் கோயில் சுவரில் இருந்தது. அந்த வெள்ளத்தை மாதிரியில் விட்டால் தண்ணீர் அதே உயரத்துக்கு வரும்வரை கல்லோடு மல்லுக்கட்டினான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் வந்தது. இனி அதைவிடப் பெரிய வெள்ளத்தை விட்டுப் பார்த்து, தெருவுக்கு வருகிறதா என்று அளக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் டெல்லியிலிருந்து குழு வருவதாகத் தகவல் வந்தது.

குழுவுக்குப் பிடித்தால் துறைக்கு மானியம், தணிகாசலத்துக்கு ஸ்காலர்ஷிப் நீடிப்பு. பிடிக்காவிட்டால் இரண்டும் இல்லை. புரொபசர் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். ஆறு பார்ப்பதற்குச் சிமெண்ட் தொட்டி மாதிரி இருக்கிறது, ஆறு மாதிரி இல்லை என்றார். உண்மைதான். அடிக்கு இளநீலம், கரைக்குப் பச்சை, வீடுகளுக்குச் செங்காவி, தெருக்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகை என்று முடிவாயிற்று. கரைக்கு எந்தப் பச்சை என்று அரைமணி நேரம் பேசினோம். வாழை இலைப் பச்சை என்று சொன்னது நான். பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம், பெயிண்டர் வந்தார்.

திரும்பி வந்து பார்த்தபோது அழகாக இருந்தது. அதை மறுக்க முடியாது. பெயிண்டர் பெருமையாகப் பக்கத்தில் நின்றார்.

"கல்லு கல்லா சொரசொரன்னு கெடந்துச்சு சார். எவனோ கொத்தனார் ஏமாத்திட்டுப் பூட்டான். நாந்தான் பட்டி வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, அப்பால ரெண்டு கோட்டு வுட்டேன். கைய வெச்சுப் பாருங்க, கண்ணாடி மாரி கீது."

தணிகாசலம் கை வைத்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பெயிண்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. சுவரோ, ஜன்னலோ, ஆறோ, பள்ளம் மேடு இருந்தால் பட்டி வைத்துச் சமன் செய்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். அது அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

மறுநாள் குழு வந்தது. புரொபசர் வால்வைத் திறக்கச் சொன்னார். பெரிய வெள்ளம். தணிகாசலம் மட்டம் பார்க்கும் ஊசியோடு தன் தெருவுக்கு எதிரே குனிந்து நின்றான். தண்ணீர் இளநீலத்தின் மேல் சறுக்கிக்கொண்டு வந்து, வளைவில் ஒய்யாரமாகத் திரும்பி, வாழை இலைப் பச்சையைத் தொடாமல் போய்ச் சேர்ந்தது. குழுவின் தலைவர் கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"சார், தண்ணி ஏறல சார்" என்று என் காதருகில் வந்து சொன்னான்.

"அதுக்குத்தான் தட்டறாங்க" என்றேன்.

மானியம் கிடைத்தது. ஸ்காலர்ஷிப்பும் நீண்டது. மாதிரி ஆற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டி 'தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டினார்கள். பட்டியையும் பெயிண்டையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி கல் பதிக்கிறேன் என்று தணிகாசலம் விண்ணப்பம் கொடுத்தான். குழுவின் பாராட்டைப் பெற்ற பொருளைச் சேதப்படுத்த டெல்லியின் முன் அனுமதி வேண்டும் என்று அலுவலகம் பதில் போட்டது. மகளே, உன் தொழிலில் நீ இதைப் பலமுறை பார்ப்பாய். தோற்றுப்போன ஆராய்ச்சியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பரிசு வாங்கிய ஆராய்ச்சியைத் தொடவிடமாட்டார்கள். உன் மாணவன் ஒருவன் சோதனை சரியாக வரவில்லை என்று முகம் வாடி வந்து நின்றால் அவனைத் திட்டாதே. அவன் கையில் இன்னும் கருவி இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை தாமதமானது என்பதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பங்குனியில் பொதுமக்கள் கல்லூரியைப் பார்க்க ஒரு நாள் ஏற்பாடு செய்தார்கள். கன்னியப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றருகே போய், பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னாடா தணிகா, நம்ம தெருவா இது? பேர்லாம் எழுதிக்கீது!"

"ஆமா நைனா."

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வால்வைத் திறந்தான். தண்ணீர் வழக்கம்போல் ஒழுங்காகப் போயிற்று. கன்னியப்பன் தன் தெருவையே கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வர்ல பாத்தியா! உங்கம்மாதான் ஆறு வரும் ஆறு வரும்னு என் உசிர எடுத்துக்கினு கீறா."

"நைனா, அது பெயிண்டு. பெயிண்ட் அடிச்சதாலதான் வர்ல."

"பெயிண்ட் அடிச்சா வெள்ளம் வராதுன்னா ஊர் பூரா அடிச்சிடலாமேடா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது போல்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை. அப்பா முடிவு செய்துவிட்டார். வருகிற தையில் மோகனுக்குக் கல்யாணம், அதற்காக ஆவணி பிறந்ததும் ஆற்றுப் பக்கத்து அறையில் இரண்டாவது குழி. "நான் சொன்னா கேக்கறதில்ல சார். அவ்ளோ பெரிய காலேஜு, டெல்லிக்காரனே கைதட்டிட்டான், உனக்கு இன்னாடா தெரியும்ங்கறாரு." உன் அம்மா தேநீர் வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, பின்னாடி துவைக்கிற கல்லுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவுல அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு? அந்தத் தம்பி ஆத்தை அங்க கட்டிக்கட்டும்" என்றாள். நீரியல் துறையில் அந்த ஆண்டு எடுக்கப்பட்ட அறிவுள்ள முடிவு அது ஒன்றுதான். அதை எடுத்தவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

மற்றது உனக்குத் தெரியும். கோடை முழுக்க நம் கொல்லையில் செங்கல்லும் சேறும். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, ஆற்றில் விட்டு, கடைசியில் ஒரு பள்ளத்தில் பிடித்து, மறுபடி தொட்டியில் ஊற்ற வேண்டும். தாம்பரத்துக் கிணற்றில் கோடையில் எவ்வளவு இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஆத்தைக் கட்டிக்கோன்னு சொன்னேன். அதை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரச் சொல்லலியே" என்று உன் அம்மா சேற்றுக் காலடிகளைத் துடைப்பாள். துடைத்துவிட்டு அவனுக்கும் சேர்த்து உலை வைப்பாள். நீ கோழிக்குத் தீனி வைக்க அடையாற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒருநாள் அனகாபுத்தூருக்குக் கொஞ்சம் மேற்கே காலை வைத்து ஒரு கரையை உடைத்தாய். அவன் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜத்திலும் அந்த இடம் பலவீனம்தான் என்று குறித்துக்கொண்டான்.

இந்த ஆறு கல்லூரி ஆற்றைவிடச் சிறியது, கோணல், நிறம் கிடையாது. ஆனால் கல் சரியாக இருந்தது. கோயில் சுவர்த் தடத்துக்குத் தண்ணீர் சரியாக வந்தது. ஆடி மாதக் கடைசியில் பெரிய வெள்ளத்தை விட்டோம். தண்ணீர் வளைவில் தயங்கிற்று, வீங்கிற்று, கரை ஏறிற்று, அவன் தெருவுக்காக வைத்திருந்த செங்கல் வரிசைக்குள் சாவதானமாக நுழைந்தது. தன் ஆராய்ச்சி வெற்றி பெற்றதைப் பார்த்து ஒருவன் இவ்வளவு கலங்கி நான் பார்த்ததில்லை.

கன்னியப்பனை அழைத்து வந்து காட்டினான். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார்.

"பாத்தியா நைனா, வந்துச்சா?"

"வந்துச்சு. வராம இன்னா பண்ணும்? சார் வூட்டுக் கெணத்துத் தண்ணி, சொன்ன பேச்சு கேக்குது." என் பக்கம் திரும்பினார். "கோச்சுக்காத சார். அங்க கோட்டு போட்டவங்க எல்லாம் வந்து பாத்தாங்க. இங்க கோழிதான் பாக்குது."

கோழி பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

நான் புரொபசரிடம் போனேன். நீங்கள் சொன்னால் கன்னியப்பன் கேட்பார், வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்றேன். புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். தண்ணி ஏறாதப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சார்..."

"கை தட்டிட்டாங்களே. தட்டினப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கும் அந்தக் கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை போலாம். நானே வந்து சொல்றேன்" என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆனால் உனக்கே தெரியும். அந்த ஆறு அவர் பெயரில் புகைப்படமாகப் பத்திரிகையில் வந்திருந்தது. மானியம் அதனால் வந்தது. இன்னும் நாலு பேருடைய ஸ்காலர்ஷிப் அந்த மானியத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவருடைய காரிலேயே பல்லாவரம் வழியாகப் போனோம். சந்துக்குள் கார் நுழையவில்லை, இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது, கலர் சோடா வந்தது, சந்தே திரண்டு வாசலில் நின்றது. உள்ளே ஆற்றுப் பக்கத்து அறையில் குழிக்கு அளவெடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. புரொபசர் நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்க பையன் சொல்றதுதான் சரி. காலேஜ்ல இருக்கிற ஆறு தப்பு. அதுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். ஆறு பெருகினா இந்தத் தெருவுக்குத் தண்ணி வரும். இந்தக் குழியை வெட்டாதீங்க."

வகுப்பில்கூட அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கன்னியப்பன் கைகூப்பியபடி நின்றார். அவர் கண் கலங்கிற்று. அப்பாடா என்று நினைத்தேன்.

"சார், இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். "எம் புள்ள நாலு பேர் எதுர்ல சொன்ன பேச்சு பொய்யாப் பூடக்கூடாதுன்னு, அவ்ளோ பெரிய மனுஷன் இந்தச் சந்துக்குள்ள நடந்து வந்து, தப்பு என்னுதுன்னு சொல்றீங்களே. எங்கனா நீங்க தப்பு பண்ணுவீங்களா சார்?"

"இல்லைங்க, நிஜமாவே நான்..."

"போதும் சார், எனக்குப் புரிஞ்சிபோச்சு. டேய் தணிகா, இன்னாடா நின்னுகினு கீற? சார் கால்ல வுழுடா!"

தணிகாசலம் என்னைப் பார்த்தான். புரொபசரைப் பார்த்தான். பிறகு விழுந்தான். புரொபசர் அவனைத் தூக்கி நிறுத்தி, இன்னும் ஒருமுறை, வேறு வார்த்தைகளில், முதலிலிருந்து சொன்னார். எத்தனை முறை சொன்னாரோ அத்தனைக்கும் அவருடைய பெருந்தன்மை அந்தச் சந்தில் உயர்ந்துகொண்டே போயிற்று. கிளம்பும்போது தங்கள் தறியில் நெய்த கைலி ஒன்றை மடித்துக் கொடுத்தார்கள். காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லாவரம் தாண்டிய பிறகு, "இனிமே யார் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதில் உனக்கு என்ன அறிவுரை சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். புரொபசர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லலாம். அன்றே சொல்லியிருந்தால் தணிகாசலத்தின் ஸ்காலர்ஷிப் நின்றிருக்கும், கொல்லை ஆறும் வந்திருக்காது. கன்னியப்பன் மகனை நம்பியிருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் படித்தவர்கள் சொல்வதை நம்பு என்றுதான் ஊரெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். படித்தவர்களில் பெரியவர் யார், சின்னவர் யார் என்பதைப் பார்த்து நம்பினார். எங்கள் கல்லூரியிலும் நாங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் சோதனைக்கூடத்தில் குழுவுக்காக எதையாவது துடைக்க, அடுக்க, மெழுக நேர்ந்தால், அதற்கு முன் அதில் வேலை செய்கிற மாணவனை ஒரு வார்த்தை கேள். எது அழுக்கு, எது ஆராய்ச்சி என்று அவனுக்குத்தான் தெரியும். குழு வந்து போய்விடும். கைதட்டலை நம்பி யார் வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்பது குழுவுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. என் துறையில் எனக்குத் தெரிய வந்தது ஒரு வீடுதான்.

தணிகாசலத்தின் ஆராய்ச்சி ஏற்கப்பட்டது. கொல்லை ஆற்றின் அளவுகளைத்தான் எழுத வேண்டும் என்று புரொபசர் நின்றுவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், இந்த அளவுகள் எங்கே எடுக்கப்பட்டவை என்று கேட்டார். "தாம்பரத்துல நமக்கு ஒரு இடம் இருக்கு" என்றார் புரொபசர். அந்த ஆண்டின் சாதனைகளில் 'தாம்பரம் கள ஆய்வு நிலையம்' சேர்ந்தது. அதைப் பார்வையிட ஒருவர் வந்து கேட்டைத் தட்டினார். உன் அம்மா அவருக்குக் காபி கொடுத்து, துணி காய்ந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டினாள். அதே பக்கத்தில், துறைத் தலைவர் அனகாபுத்தூர் நெசவாளர்களை நேரில் சந்தித்து வெள்ளப் பாதுகாப்பு பற்றி விளக்கினார், மக்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள் என்றும் அச்சாகியிருந்தது. இரண்டு வாக்கியத்திலும் பொய் என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

ஆவணியில் குழி வெட்டினார்கள். புரட்டாசியில் தறி பூட்டினார்கள். ஐப்பசியில் தொடர்ந்து பெய்த மழையில் ஆறு கரை ஏறித் தெருவுக்கு வந்தது. பழைய குழி, புதிய குழி இரண்டும் நிரம்பின. மோகனின் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தார்கள்.